முதலில் புழு, பிறகு ராணி

தேனீ வளர்ப்பில் வரக்கூடிய துன்பங்கள் பல. எறும்பு வரும், மெழுகுப் பூச்சி வரும், மழை விடாமல் பெய்து பட்டினி வரும், நோய் வந்து புழுக்கள் கண்ணறையிலேயே மடியும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற துன்பங்களாதலால், பெட்டியின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் வளர்ப்பவர் விஷயத்தை உணர்ந்து பரிகாரம் தேடத் தொடங்கிவிடுகிறார். ஆனால் ராணியை இழந்த ஒரு குடும்பத்தில், இயற்கையின் நியதிப்படி முட்டையிடாமல் இருக்கவேண்டிய பணித் தேனீக்களே முட்டையிடத் தலைப்படும்போது, கேடானது நன்மையின் வேஷத்தைப் பூண்டுகொண்டு வருகிறது. கண்ணறைகளில் முட்டை நிறைந்திருக்கிறது. மூடிய புழுவும் ஆங்காங்கே தென்படுகிறது. வாசலில் போக்குவரத்து இன்னும் நின்றுவிடவில்லை. ஆகவே குடும்பம் க்ஷேமமாக இருக்கிறதென்று எண்ணி மூடியைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். சில வாரங்கள் கழித்துத் திறந்தால் பெட்டிக்குள் மெழுகுப் பூச்சியின் வலையைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

இந்த ஒரு கேட்டைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு முக்கியமான காரணம், இதைப் பற்றி நம்மவர்கள் படிக்கும் குறிப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பியத் தேனீயை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதே. குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் நாம் வளர்ப்பது, உருவத்திலும் சுபாவத்திலும் அதனின்று வேறுபட்ட இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்று நாம் அழைக்கும் இனம். திருவிதாங்கூர் சமஸ்தானமாக இந்தப் பகுதி இருந்த 1920களில், அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையம் ஏழைக் குடியானவர்களுக்கு உபதொழிலாகக் கற்றுக்கொடுத்தவற்றுள் தேனீ வளர்ப்பும் ஒன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் இந்தச் சிறிய தேனீயின் அளவுக்கு ஏற்றபடி ஒரு பெட்டியை அமைத்திருந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்தத் தேனீக்குரிய பெட்டியை நம் முன்னோர் அன்றே தனியாகப் பெற்றுவிட்டபோதிலும், இந்தத் தேனீக்குரிய கால அளவுகளை நாம் இன்னும் மனத்தில் சரியாகப் பதித்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், தம் பெட்டியைத் திறந்து காட்டி என்னிடம் சொன்னார்: “அண்ணாச்சி, முட்ட நெறைய கெடக்கு. அப்பம் ராணி நல்லாத்தானே இருக்கு?” நான் சொன்ன பதில் இதுதான்: “இல்ல மக்களே, மொத்தம் எத்தன முட்டன்னு பாக்காத. ஒரு கண்ணுல எத்தன கெடக்கு, எங்க கெடக்குன்னு பாரு.” நோயை அறிவதற்குரிய இலட்சணம் முழுவதும் அந்த இரண்டு கேள்விகளில் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

ஆரோக்கியமான ராணி தன் நீண்ட வயிற்றைக் கண்ணறைக்குள் முழுவதும் செலுத்தி, அதன் அடித்தளத்தின் நடுவில், கண்ணறைக்கு ஒன்றாக, சிறு வெள்ளை நூல் துண்டைச் செங்குத்தாக நட்டு வைத்தாற்போல முட்டையை இடும். பணித் தேனீயின் வயிறு குட்டையானது, அடிவரை எட்டாது, ஆகவே அதன் முட்டைகள் கண்ணறையின் பக்கச் சுவர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டையிடுவது ஒரு தேனீ அன்று, பல. ஆகவே ஒரே கண்ணறையில் மூன்று, நான்கு, அதற்கு மேலும்கூட முட்டைகள் தாறுமாறாகக் கிடக்கும். மகரந்தம் சேமித்த கண்ணறையில், அந்த மகரந்தத்தின் மேலேயே முட்டை கிடப்பதையும் காணலாம். நாட்கள் செல்லச் செல்ல இன்னொரு அடையாளம் தோன்றும். பணித் தேனீக்கென்று கட்டிய சிறிய கண்ணறைகளில் ஆண் புழுக்கள் வளர்வதால், அவற்றின் மூடிகள் தட்டையாக இராமல் குமிழ்ந்து புடைத்திருக்கும். அந்த மூடியின் நுனியில் ஆண் புழுவுக்கே உரிய நுண்ணிய துவாரமும் தென்படும். புழு வரிசை கிரமமாக இராது. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். பிறக்கும் ஆண் தேனீக்கள் சிறுத்துப்போயிருக்கும். பணித் தேனீக்களோ ரோமம் உதிர்ந்து, கருத்து, பளபளப்பேறி, தொட்டால் சீறும் குணத்தை அடைந்திருக்கும்.

இங்கே அவசரப்பட்டு முடிவு கட்டிவிடலாகாது என்பதையும் சொல்லவேண்டும். புணர்ச்சி முடிந்து முதன்முதலாக முட்டையிடத் தொடங்கும் இளம் ராணி, சில நாட்கள் ஒரே கண்ணறையில் இரண்டு முட்டைகளை இட்டுவிடுவது உண்டு; ஆனால் அவை அடித்தளத்திலேயே இருக்கும்; சீக்கிரத்தில் அந்தப் பழக்கமும் தானே சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாக, வயது முதிர்ந்து விந்து தீர்ந்துபோன ராணியோ, மழையினால் புணர்ச்சிக்கே வெளியே செல்லமுடியாமல் போன ராணியோ, கண்ணறைக்கு ஒரு முட்டையாகக் கிரமமாகவே இடும். ஆனால் பிறப்பதெல்லாம் ஆணாகவே இருக்கும். அப்படிப்பட்ட குடும்பத்தில் பரிகாரம் எளிது: பயனற்ற ராணியைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டு வேறு ராணியைக் கொடுக்கலாம். பணித் தேனீக்கள் முட்டையிடும் குடும்பத்திலோ, கண்டுபிடித்து அகற்றுவதற்கு ஒரு குற்றவாளி என்று எதுவும் இல்லை. ஆகையால் இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கையை வைப்பது வீண் வேலை.

ஒரு குடும்பம் இந்த நிலைக்கு எவ்வாறு வந்து சேருகிறது என்பதை நாட்கணக்காக வைத்துப் பார்த்தால்தான், எங்கே தடுக்கலாம் என்பது புலப்படும். ராணி இறந்துபோன நாளில் அது கடைசியாக இட்ட முட்டை கண்ணறையில் இருக்கிறது. மூன்று நாட்களில் அது புழுவாகிறது. பிறந்து மூன்று நாட்களுக்குட்பட்ட புழுவைத்தான் பணித் தேனீக்கள் ராணியாக வளர்க்கமுடியும். அதாவது, ராணி போன நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு நாட்கள்தாம் அந்தக் குடும்பத்துக்குத் தன் சொந்தப் புழுவிலிருந்து ராணியை உண்டாக்கிக்கொள்ளும் அவகாசம். அந்த அவகாசத்தில் அவை அவசர ராணி அறைகளைக் கட்டி, பன்னிரண்டு நாட்களளவில் ஒரு கன்னி ராணியைப் பெற்றுவிடும். அந்தக் கன்னி ராணி சில நாட்கள் கழித்து ஆகாயத்தில் ஆண் தேனீக்களைத் தேடிப் பறக்கவேண்டும். அன்று மழை பிடித்துக்கொள்ளலாம். கரிச்சான் குருவியோ பஞ்சுருட்டானோ பறந்து வந்து கவ்விக்கொண்டு போகலாம். திரும்பும் வழியில் அது பக்கத்துப் பெட்டிக்குள் தவறி நுழைந்து கொல்லப்படலாம். அப்படி ஒன்று நேர்ந்துவிட்டால், பழைய ராணியின் புழுக்களெல்லாம் அதற்குள் மூடப்பட்டோ வெளிவந்தோ போயிருக்குமாதலால், இரண்டாவது முயற்சி செய்ய அந்தக் குடும்பத்திடம் மூலப்பொருள் இல்லை. ராணியும் இல்லை, புழுவும் இல்லை என்ற அந்த வெறுமையில்தான் பணித் தேனீக்களின் சூற்பைகள் விழித்துக்கொள்கின்றன.

அவை அதுவரை உறங்கிக்கிடந்ததற்குக் காரணம் என்ன? பணித் தேனீயும் பெண்தான். அதற்கும் சூற்பை உண்டு. ஆனால் அது வளர்ச்சி குன்றிச் சுருங்கியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கண் பார்வையை இழந்த சுவிட்சர்லாந்து தேசத்து அறிஞர் பிரான்ஸ்வா ஹூபர், தம் உதவியாளர் பர்னன்ஸின் கண்களைக்கொண்டு தேனீக்களை ஆராய்ந்தவர், சில வேளைகளில் பணித் தேனீக்களும் முட்டையிடுகின்றன என்பதையும், அந்த முட்டைகளிலிருந்து ஆண்களே பிறக்கின்றன என்பதையும் நிச்சயப்படுத்தி 1792இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இதன் பொருட்டு பர்னன்ஸ் கூட்டிலிருந்த தேனீக்களை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார் என்று அறியும்போது, அந்தப் பொறுமைக்கு முன்னால் நாம் தலைவணங்கத்தான் வேண்டும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது என்ற தத்துவத்தை சைலீசியாவைச் சேர்ந்த சியர்சோன் என்ற பாதிரியார் 1845இல் வெளியிட்டார். பணித் தேனீக்கு ஆண் தொடர்பு கிடையாதாகையால், அதன் சந்ததி ஆணாகவே இருக்கவேண்டும் என்பது இதனால் விளங்கிற்று. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் தேனீ ஒன்று மட்டும் இதற்குப் பெரிய விலக்கு. அங்கே பணித் தேனீயின் முட்டையிலிருந்து பெண்ணே பிறக்கிறது.

பின்னர், 1950களில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தில் காலின் பட்லர் என்பவர், ராணியின் உடலிலிருந்து சுரக்கும் ஒரு பொருள் தேனீக்களின் வாய்வழியாகக் குடும்பம் முழுவதும் பரவி, பணித் தேனீக்களின் சூற்பை வளராமல் தடுக்கிறது என்று காட்டினார். அன்றுமுதல், ராணியின் வாசனையே எல்லாவற்றையும் கட்டி ஆளுகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. ராணி இல்லையென்றால் ராணியைக் கொடு என்ற எளிய சிகிச்சை முறையும் அதிலிருந்தே பிறந்தது. ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. பிரான்ஸ் தேசத்து ஆராய்ச்சியாளர் ஈவ் லெ கோன்ட்டும் அவருடைய சகாக்களும், புழுவின் உடல்மேலும் சில இரசாயனப் பொருள்கள் இருக்கின்றன என்று 1990ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்தார்கள். அவற்றுள் சில, ராணியற்ற தேனீக்களின் சூற்பை வளர்ச்சியைத் தடுக்கின்றன என்பதும் பிறகு தெளிவாயிற்று. தாயின் இருப்பு மட்டுமன்று, ஊட்டி வளர்க்கவேண்டிய குழந்தையின் இருப்பும் பணித் தேனீயைத் தன் கடமையில் நிறுத்திவைக்கிறது. இந்த ஒன்றை உணர்ந்துகொண்டால், சிகிச்சையின் வரிசை முழுவதும் மாறிவிடுகிறது. இந்தப் பதிவில் நான் வற்புறுத்த விரும்புவதும் அதுவே: பணித் தேனீக்கள் முட்டையிடும் குடும்பத்துக்கு முதலில் கொடுக்கவேண்டியது புழு, ராணி அதற்குப் பிறகுதான்.

முட்டையிடும் பணித் தேனீக்களைக் கலகக்காரர்கள் என்றும் துரோகிகள் என்றும் பேசுவோர் உண்டு. அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடன்று. ராணி இருக்கும் காலத்தில் ஏதேனும் ஒரு பணித் தேனீ முட்டையிட்டுவிட்டால், மற்றவை அதைக் கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன என்பதை ராட்னீக்ஸ், விஷர் என்ற இரு அறிஞர்கள் 1989இல் ஐரோப்பியத் தேனீயில் நிரூபித்துக் காட்டினார்கள். குடும்பத்தின் ஒழுங்கை அவ்வளவு கடுமையாகக் காத்துவந்த அதே ஜீவன்கள், இனி ராணி பிறக்க வழியில்லை என்ற நிலை வந்தபின், அந்தக் காவலைத் தளர்த்திக்கொண்டு, அழிவதற்கு முன்னால் சில ஆண்களையாவது உலகத்துக்கு அனுப்பிவைக்கின்றன; அந்த ஆண்கள் சிறியவையானாலும் விந்துள்ளவை; எங்கேனும் ஒரு கன்னி ராணியை அவை அடைந்தால் அந்தக் குடும்பத்தின் வம்சம் அறவே அற்றுப்போகாது. இது ஒரு குலத்தின் கடைசிப் பிரயத்தனம். ஆகவே அவற்றைத் தண்டிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு பெட்டியை அணுகுவதைவிட, அவை இழந்த நம்பிக்கையை மீட்டுக்கொடுக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு அணுகுவதே பயன் தருவது.

இனி, இந்தியத் தேனீயின் தனித்தன்மைக்கு வருகிறேன். ஐரோப்பியத் தேனீயில், ராணியும் புழுவும் இல்லாமற்போய், பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்குவதற்குப் பொதுவாக மூன்று வாரங்களாவது செல்லும் என்று நூல்கள் கூறும். நம்முடைய தேனீயில் அத்தனை நாள் தாமதம் கிடையாது; ஒரு வாரம், பத்து நாட்களிலேயே சூற்பைகள் பருத்து, முட்டைகள் தோன்றிவிடும். அதோடு, மனம் நொந்த குடும்பம் பெட்டியை விட்டு அறவே பறந்து போய்விடுவதும் நம் தேனீயின் சுபாவம். ஊட்டவேண்டிய இளம்புழு கூட்டில் இருக்குமானால், அது அவ்வளவு எளிதில் இடம்பெயராது. இந்தக் காரணத்தாலும், புழு முதலில் என்ற விதி நமக்குப் பிறரைவிட அதிகமாகப் பொருந்துகிறது.

செய்யத்தகாதவை சிலவற்றை முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். விலை கொடுத்து வாங்கிய நல்ல ராணியை நேரே அந்தப் பெட்டிக்குள் விடுவது, அதைக் கொலைக்களத்துக்கு அனுப்புவதே ஆகும். சூற்பை வளர்ந்த பணித் தேனீக்கள் ராணியின் வாசனையை ஒத்த சுரப்புகளைத் தாமே உண்டாக்குவதால், அந்தக் குடும்பம் தனக்கு ராணி இல்லை என்று உணர்வதே இல்லை. புதிதாக வந்தவளை அந்நியளாகக் கருதி, உருண்டையாகச் சூழ்ந்து இறுக்கிக் கொன்றுவிடும். முட்டையிடும் தேனீக்களைத் தேடிப் பிடித்து நசுக்கலாம் என்பதும் நடவாத காரியம், அவை உருவத்தில் மற்றவற்றிலிருந்து எளிதில் வேறுபடுவதில்லை, எண்ணிக்கையிலும் அநேகம். பெட்டியைத் தொலைவில் கொண்டுபோய் உதறிவிட்டால், முட்டையிடுபவை பறக்கத் தெரியாமல் அங்கேயே தங்கிவிடும், மற்றவை மட்டும் திரும்பிவரும் என்று ஒரு நம்பிக்கை பல நாடுகளிலும் வழங்குகிறது. அது உண்மையன்று, அவையும் பறக்கும், அவையும் திரும்பும். உதறுவதில் பலன் கண்டவர்கள், பெரும்பாலும் அந்தத் தேனீக்கள் பக்கத்திலிருந்த ராணியுள்ள பெட்டிகளில் பிச்சை கேட்டுப் புகுந்துகொண்டதன் பலனையே கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் செய்யத்தக்கது எது? முதலில் குடும்பத்தின் பலத்தை நிதானமாக மதிப்பிடவேண்டும். புழு அறையில் இரண்டு சட்டங்களை மூடுவதற்குக்கூடத் தேனீ இல்லையென்றால், அந்தக் குடும்பத்தைத் தனியாகக் காப்பாற்ற முயல்வது, ஆரோக்கியமான வேறு குடும்பங்களின் புழுவையும் வீணாக்குவதாகும். அதிலிருக்கும் தேனீக்கள் வயது முதிர்ந்தவை. பணித் தேனீயின் ஆயுள் சில வாரங்களே. நாம் எத்தனை பாடுபட்டாலும் புதிய ராணியின் முதல் மகள் வெளிவருமுன் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோகும். அத்தகைய குடும்பத்தை ராணியுள்ள பலமான குடும்பம் ஒன்றோடு சேர்த்துவிடுவதே தர்மம். பெட்டி ஒன்று குறையும், தேனீக்கள் குறையமாட்டா.

சேர்ப்பதற்குச் செய்தித்தாள் முறையே சிறந்தது. பெட்டிகள் இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தால், நாளொன்றுக்கு ஓர் அடிக்கு மிகாமல் நகர்த்தி, அவற்றை அருகருகே கொண்டுவரவேண்டும். ஒரேயடியாக நகர்த்தினால் வெளியே போன தேனீக்கள் பழைய இடத்தையே தேடிவந்து தவிக்கும். மாலை வேளையில், ராணியுள்ள குடும்பத்தின் புழு அறைமீது ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் நுண்ணிய துளைகள் இட்டு, அதன்மேல் சில துளிகள் தேனைத் தெளித்து, நோயுற்ற குடும்பத்தின் அறையை அதன்மேல் வைத்து, மேலறைத் தேனீக்களுக்குத் தனி வாசல் இல்லாதபடி அடைத்துவிடவேண்டும். இரு தரப்பும் தாளைக் கடித்துக் கிழித்து ஒன்றையொன்று அடையும் நேரத்துக்குள், இரு குடும்பங்களின் வாசனையும் கலந்து, போர் மூள்வதற்கான காரணம் அற்றுப்போயிருக்கும். ஓரிரு நாட்கள் சென்றபின் தேனீக்களைக் கீழறையோடு சேர்த்துக்கொண்டு, ஆண் புழு நிறைந்த அடைகளை வெட்டி எடுத்து உருக்கிவிடலாம்.

குடும்பம் இன்னும் பலமாக இருக்கிறது, நான்கைந்து சட்டங்களைத் தேனீ மூடியிருக்கிறது என்றால், அதைத் தனியாகவே மீட்க முயலலாம். குமிழ்ந்த ஆண் புழு அடைகளை முதலில் அகற்றவேண்டும். பிறகு, நோயற்ற பலமான குடும்பம் ஒன்றிலிருந்து, முட்டையும் இளம்புழுவும் நிறைந்த ஒரு சட்டத்தை, ராணி அதில் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு, தேனீக்களை உதறிவிட்டு, இந்தக் குடும்பத்தின் நடுவில் வைக்கவேண்டும். அந்தச் சட்டத்தில், வெளிவரும் தருவாயிலிருக்கும் மூடிய புழுவும் ஓரளவு இருக்குமானால் மிகவும் நல்லது. ஏனெனில் அதிலிருந்து பிறக்கும் இளந்தேனீக்களே புழுவுக்கு ஊட்டும் பாலைச் சுரப்பவை. புதிய ராணியை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்பவையும் அவையே. ஒரு சட்டத்தோடு நிறுத்திவிடலாகாது. வாரத்துக்கு ஒன்றாக, இரண்டு அல்லது மூன்று முறை கொடுக்கவேண்டும். இளம்புழுவின் வாசனை இடைவிடாமல் கூட்டில் நிலவும்போது, பணித் தேனீக்களின் சூற்பை சிறிது சிறிதாக அடங்கத் தொடங்குகிறது.

சிகிச்சை பலித்தது என்பதற்கு அடையாளம் ஒன்று உண்டு. முதலில் கொடுத்த சட்டத்தில் தேனீக்கள் ராணி அறை எதையும் கட்டாமல் போகலாம். அதைக் கண்டு மனம் தளரவேண்டாம். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ, அடையின் நடுவிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும் ராணி அறைகளை அவை கட்டத் தொடங்கிவிட்டால், தங்களுக்கு ராணி இல்லை என்ற உண்மையை அந்தக் குடும்பம் உணர்ந்துவிட்டது என்று பொருள். ராணியைக் கொடுப்பதற்குரிய தருணம் அதுவே. அவை கட்டிய அறைகளையே வளரவிடலாம். ஆனால் நல்ல குணமும் தேன் சேர்க்கும் திறமும் உள்ள வேறொரு குடும்பத்தில் முதிர்ந்த ராணி அறை கிடைக்குமானால், இவற்றை நீக்கிவிட்டு அதைக் கொடுப்பது உத்தமம். நுனியிலிருந்த மெழுகைத் தேனீக்கள் சுரண்டிவிட்டு, உள்ளிருக்கும் பழுப்பு நிறக் கூடு தெரியும் நிலையில் உள்ள அறையே முதிர்ந்தது. அதைச் சுற்றியுள்ள அடைத்துண்டோடு அரிந்தெடுத்து, தலைகீழாகத் திருப்பாமலும் குலுக்காமலும் கொண்டுவந்து, புழு இருக்கும் அடையின் நடுவில், நுனி கீழ்நோக்கியபடி பொருத்தவேண்டும்.

முட்டையிடும் ராணியே கையில் இருந்தால், அதைக் கூண்டில் அடைத்து, தேனும் பொடித்த சீனியும் பிசைந்த உருண்டையால் வாயை மூடி, புழுச் சட்டங்கள் இரண்டுக்கும் நடுவில் தொங்கவிடவேண்டும். இரண்டு மூன்று நாட்கள் கழித்து, கூண்டின்மேல் தேனீக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். கம்பியைக் கடித்துக்கொண்டு, விரலால் தள்ளினாலும் நகராமல் இறுகப் பற்றியிருந்தால் பகை தீரவில்லை. இன்னும் ஒரு சட்டம் புழு கொடுத்துக் காத்திருக்கவேண்டும். அமைதியாக மேலே நடந்து, நாக்கை நீட்டி ராணிக்கு ஊட்டிக்கொண்டிருந்தால், மாலையில் தைரியமாக விடுவிக்கலாம். இவை எல்லாவற்றிலும் அபாயம் குறைந்த வழி, தன் ராணியோடும் புழுவோடும் இரண்டு மூன்று சட்டங்களில் வாழும் ஒரு சிறு குடும்பத்தை, செய்தித்தாள் இடையிட்டு, நோயுற்ற பெட்டியோடு சேர்த்துவிடுவதே. அங்கே ராணி தன் சொந்த மக்களால் சூழப்பட்டு, புழுவின் வாசனை நடுவே நுழைகிறாள்.

இந்த நாட்களிலெல்லாம் வாசலைச் சிறிதாக்கி வைக்கவேண்டும். பலவீனமான குடும்பத்தைக் கொள்ளையிடப் பக்கத்துத் தேனீக்கள் காத்திருக்கும். சீனிக் கரைசலை மாலை இருட்டும் வேளையில், கீழே சிந்தாமல் கொடுக்கவேண்டும். தேனீ மூடாத அடைகளைப் பெட்டியில் விட்டுவைத்தால் மெழுகுப் பூச்சிக்கு அது அழைப்பாகிவிடும். ஆகவே தேனீயின் அளவுக்கு அடையின் அளவைக் குறைத்துவிடவேண்டும். புழுச் சட்டத்தைக் கொடுக்கும் குடும்பம் நோயற்றதுதானா என்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் தாய் சாக் புரூட் என்னும் புழு நோய் தென்னாட்டில் பரவி, குமரியிலும் கேரளத்திலும் எண்ணற்ற குடும்பங்களை அழித்ததை நம் பகுதி இன்னும் மறக்கவில்லை. ஒரு சட்டத்தின் மூலம் உயிரையும் கொடுக்கலாம், மரணத்தையும் கொடுக்கலாம்.

வந்தபின் செய்யும் சிகிச்சையைவிட வருமுன் காப்பது எளிது என்பது இந்த விஷயத்தில் முற்றிலும் உண்மை. ரப்பர் மரம் துளிர்த்துத் தேன் சுரக்கும் ஆண்டின் தொடக்க மாதங்கள் முடிந்து, மழை பிடித்துக்கொள்ளும் காலத்தில் ஆண் தேனீக்கள் அருகிவிடும். அந்தக் காலத்தில் குடும்பத்தைப் பிரிப்பதும், பழைய ராணியைக் கொன்றுவிட்டுக் கன்னி ராணியை நம்பி இருப்பதும் அறிவுடைமையாகாது. பிரிக்குமுன், தோட்டத்துப் பெட்டிகளில் ஆண் தேனீ நடமாட்டம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கன்னி ராணி வெளிவந்தபின் இரண்டு வாரம் வரையில் நண்பகலில் பெட்டியைத் திறக்கலாகாது. அது பறந்து திரும்பும் நேரம் அதுவே. அந்த இரண்டு வாரம் முடிந்ததும், முட்டை இருக்கிறதா என்று தவறாமல் பார்க்கவேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே ஒரு சட்டம் இளம்புழுவைக் கொடுக்கவேண்டும். ராணி இருந்திருந்தால் அந்தச் சட்டத்தால் நஷ்டமில்லை; இல்லாதிருந்தால் அந்த ஒரு சட்டம் குடும்பத்தையே காத்துவிடும். பத்துப் பெட்டி வைத்திருப்பவர், அவற்றோடு ராணியுள்ள ஒரு சிறு குடும்பத்தையும் கைவசம் வைத்திருந்தால், எந்தப் பெட்டியில் எந்தக் குறை வந்தாலும் அங்கிருந்து புழுவையும் ராணியையும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்பர்களே, இதைப் படித்து முடித்தபின் உங்கள் பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். கண்ணறைக்கு ஒன்றாக, அடித்தளத்தின் நடுவில் முட்டை நின்றால் மூடிவிட்டு வாருங்கள். ஒரு முட்டையும் இல்லையென்றாலும், பல முட்டைகள் சுவரில் ஒட்டிக்கிடந்தாலும், ராணி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைந்து நாட்களைக் கழிக்கவேண்டாம். பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு சட்டம் இளம்புழுவை அன்றைக்கே எடுத்து அதில் வையுங்கள். நம்முடைய தேனீ வாரக்கணக்கில் காத்திருப்பதில்லை; நாமும் காத்திருக்கலாகாது.